‘வாங்கின விலை வரட்டும்... வித்துடலாம்!’

வைத்திருப்பதா, விற்பதா, மாற்றுவதா? தடுமாறும் சந்தையில் முடிவெடுக்கும் வழி

2020 நவம்பர் 27, வெள்ளிக்கிழமை. கரூரில் 1926-ம் ஆண்டு ஏழு வணிகர்கள் சேர்ந்து தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கி, சிங்கப்பூரைத் தாயகமாகக் கொண்ட டி.பி.எஸ். வங்கியின் இந்தியப் பிரிவோடு அன்று இணைந்தது. டெபாசிட் போட்டிருந்தவர்களின் பணம் அப்படியே புது வங்கிக்குப் போனது. ஊழியர்கள் வேலையில் தொடர்ந்தார்கள். பங்கு வைத்திருந்தவர்களுக்கு மட்டும் எதுவும் மிஞ்சவில்லை. மத்திய அரசு ஒப்புதல் தந்த இணைப்புத் திட்டத்தின்படி, வங்கியின் பங்கு மூலதனம் முழுவதும் கணக்கிலிருந்து அழிக்கப்பட்டது. நூறு பங்குக்கு ஒரு பங்கு என்றுகூட மாற்றித் தரவில்லை.

கரூர் வட்டாரத்தில் இந்தப் பங்கைக் குடும்பச் சொத்தாகவே வைத்திருந்தவர்கள் உண்டு. தாத்தா காகிதப் பத்திரமாக வாங்கி, அப்பா பெயருக்கு மாற்றி, டீமேட் வந்தபிறகு பிள்ளைகள் கணக்குக்கு வந்து சேர்ந்த பங்கு. நகையை விற்றாலும் விற்போம், நம்ம ஊர் பேங்க் பங்கை விற்க மாட்டோம் என்று இருந்துவிட்ட வீடுகள் அவை.

அதே வாரத்தில் மும்பையில் சென்செக்ஸ் 44,000 புள்ளிகளைத் தாண்டி, அதுவரை காணாத உச்சத்தைத் தொட்டிருந்தது. சந்தை விழுந்ததால் லட்சுமி விலாஸ் பங்கு விழவில்லை என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

எட்டு மாதம் பின்னால் போவோம். அந்த ஆண்டு மார்ச் 23, திங்கட்கிழமை. கொரோனா ஊரடங்கு தொடங்கிக்கொண்டிருந்த நேரம். சென்செக்ஸ் ஒரே நாளில் 3,934 புள்ளிகள், அதாவது 13 சதவிகிதத்துக்கு மேல் சரிந்து 25,981-ல் முடிந்தது. ஜனவரியில் 42,000 வரை போன குறியீடு அது. ‘இருக்கிறதையாவது காப்பாத்திக்கலாம்’ என்று அந்த வாரம் இண்டெக்ஸ் ஃபண்டைக்கூட விற்று வெளியேறியவர்கள் பலர். நவம்பருக்குள் சந்தை பழைய உச்சத்துக்குத் திரும்பிவிட்டது. 2021 ஜனவரியில் 50,000-ஐத் தொட்டது.

ஒரே ஆண்டுக்குள் இரண்டு விதமான இழப்பு. வைத்திருக்க வேண்டியதை விற்றவர் ஒருபக்கம், விற்க வேண்டியதை வைத்திருந்தவர் மறுபக்கம். இருவரும் கேட்டது ஒரே கேள்வியைத்தான்: ‘மார்க்கெட் இன்னும் விழுமா, ஏறுமா?’ அதற்கு யாரிடமும் பதில் இல்லை. தொலைக்காட்சியில் தினமும் சொல்கிறவர்களிடமும் இல்லை. கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு: ‘என்னிடம் இருப்பது எதனால் விழுந்தது?’ இதற்குப் பெரும்பாலும் பதில் உண்டு. தேடினால் கிடைக்கும். இந்தக் கட்டுரை முழுவதும் அந்த ஒரு கேள்வியைப் பற்றியதுதான்.

எல்லாம் எழுத்தில் இருந்தது

லட்சுமி விலாஸ் பங்கு திடீரென்று சாகவில்லை. மூன்று ஆண்டுகள் எல்லோர் கண்ணெதிரிலும் நோயில் கிடந்தது. ஒவ்வொரு கட்டத்திலும் விற்க ஒரு விலை இருந்தது.

2017-ல் பங்கு 150 ரூபாய்க்கு மேல் விற்றது. அந்த ஆண்டு இறுதியில் வங்கி உரிமைப் பங்கு வெளியிட்டது, 122 ரூபாய்க்கு. ‘ஏற்கெனவே வைத்திருக்கிறோமே’ என்று மேலும் பணம் போட்டவர்கள் உண்டு. சில மாதங்களில் 2017-18 நிதியாண்டின் கணக்கு வந்தது: 585 கோடி ரூபாய் நஷ்டம். அடுத்த ஆண்டு 894 கோடி. அதற்கும் அடுத்த ஆண்டு 836 கோடி. மூன்றே ஆண்டில் 2,300 கோடிக்கு மேல். 2020 மார்ச் நிலவரப்படி, கொடுத்த கடனில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் வாராக்கடன்.

2019 ஏப்ரலில் இந்தியாபுல்ஸ் ஹவுசிங் ஃபைனான்ஸ் நிறுவனத்தோடு இணைப்பு என்று அறிவிப்பு வந்தது. 100 லட்சுமி விலாஸ் பங்குக்கு 14 இந்தியாபுல்ஸ் பங்கு. அதே ஆண்டு செப்டம்பரில் ரிசர்வ் வங்கி, லட்சுமி விலாஸை ‘உடனடித் திருத்த நடவடிக்கை’ என்ற கண்காணிப்பு வளையத்துக்குள் கொண்டுவந்தது. அக்டோபரில் இணைப்பையே நிராகரித்தது. பங்கு 30 ரூபாய்க்கும் கீழே போனது. 2020 செப்டம்பர் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நிர்வாக இயக்குநர் உட்பட ஏழு இயக்குநர்களைப் பங்குதாரர்களே வாக்களித்து வெளியேற்றினார்கள். நவம்பர் 17-ம் தேதி, டெபாசிட்தாரர்கள் 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது என்ற தடை வந்தது.

இவற்றில் எதுவும் ரகசியம் இல்லை. எல்லாம் பங்குச் சந்தைகளின் இணையதளத்திலும் நாளிதழ்களின் வணிகப் பக்கத்திலும் வந்தவை. 100 ரூபாய் இருந்தபோது விற்றிருக்கலாம். 30-ல் விற்றிருந்தால்கூடக் கையில் ஏதோ மிஞ்சியிருக்கும். அந்த நஷ்டத்தை வருமான வரிக் கணக்கில் காட்டி, எட்டு ஆண்டுகள்வரை மற்ற மூலதன லாபத்தோடு கழித்திருக்கலாம்.

பிறகு ஏன் விற்கவில்லை? பங்குத் தரகர் அலுவலகத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் காதில் விழும் வாக்கியம்தான் பதில்: ‘வாங்கின விலை வரட்டும், வித்துடலாம்.’

பங்குக்கு நம்மைத் தெரியாது

நாம் எந்த விலைக்கு வாங்கினோம் என்பது நம் டீமேட் அறிக்கையில் இருக்கிறது. அந்த நிறுவனத்தின் எதிர்காலத்துக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் கிடையாது. 160 ரூபாய்க்கு வாங்கியவருக்கும் 20 ரூபாய்க்கு வாங்கியவருக்கும் நாளைய விலை ஒன்றுதான். ஆனால் மனம் அந்த 160-ஐப் பிடித்துக்கொண்டு தொங்குகிறது. விற்காதவரை அது நஷ்டம் இல்லை, ‘பேப்பர் லாஸ்’தான் என்று நம்பவைக்கிறது.

இது தமிழ்நாட்டுக்காரர்களின் பலவீனம் மட்டும் இல்லை. அமெரிக்கப் பேராசிரியர் டெரன்ஸ் ஓடியன், ஒரு பங்குத் தரகு நிறுவனத்தின் 10,000 வாடிக்கையாளர் கணக்குகளை 1987 முதல் 1993 வரை எடுத்து ஆராய்ந்து 1998-ல் வெளியிட்டார். லாபத்தில் இருக்கும் பங்கை மளமளவென்று விற்கிறார்கள். நஷ்டத்தில் இருப்பதை விற்க மனம் வரவில்லை. விற்றுவிட்ட லாபப் பங்குகள், விற்காமல் வைத்துக்கொண்ட நஷ்டப் பங்குகளைவிட அடுத்த ஓராண்டில் சராசரியாக 3.4 சதவிகிதப் புள்ளிகள் கூடுதல் வருமானம் தந்தன. நல்ல செடியைப் பிடுங்கிவிட்டுக் களைக்குத் தண்ணீர் ஊற்றும் வேலை.

கணக்கும் நமக்கு எதிராகவே இருக்கிறது. 100 ரூபாய் பங்கு 50 ஆனால், மீண்டும் 100-க்கு வர அது இரட்டிப்பாக வேண்டும். 20 ஆனால் ஐந்து மடங்காக வேண்டும். காற்றாலைத் துறையின் சுஸ்லான் 2008 ஜனவரியில் 450 ரூபாய்க்கு மேல் இருந்த பங்கு. 2020 மார்ச்சில் 2 ரூபாய்க்கும் கீழே கிடந்தது. நிறுவனம் கடனைக் குறைத்து, மீண்டு, 2024 செப்டம்பரில் 80 ரூபாயைத் தாண்டியது. இரண்டு ரூபாய்க்கு வாங்கியவருக்கு அது நாற்பது மடங்கு. 450-ல் வாங்கி, பதினாறு ஆண்டுகள் காத்திருந்தவருக்கு அந்த உச்சத்திலும் ஐந்தில் நான்கு பங்கு நஷ்டம்.

‘ஆவரேஜ்’ செய்வது இன்னொரு வலை. விலை இறங்க இறங்க வாங்கினால் சராசரி விலை குறையும் என்பது உண்மை. இண்டெக்ஸ் ஃபண்டுக்கு, ஐம்பது நிறுவனங்கள் கொண்ட கூடைக்கு, இது நல்ல வழி. மாதாமாதம் ஒரு தொகை போடும் எஸ்.ஐ.பி. அதைத்தான் செய்கிறது. ஒற்றை நிறுவனத்தில், அதுவும் தொடர்ந்து நஷ்டம் காட்டும் நிறுவனத்தில் ஆவரேஜ் செய்வது, முதல் தப்பை இரண்டாவது தப்பால் மூடுவது.

எதனால் விழுந்தது?

சந்தை மொத்தமும் விழும்போது நம் பங்கும் விழுந்தால் காரணம் வெளியே இருக்கிறது. நம் பங்கு மட்டும் விழுந்தால் காரணம் உள்ளே இருக்கிறது. முதல் வேலை இந்த இரண்டையும் பிரிப்பது. ஓராண்டு விலை வரைபடத்தை நிஃப்டியின் வரைபடத்தோடும், அதே துறையின் மற்ற நிறுவனங்களோடும் வைத்துப் பாருங்கள். பத்து நிமிட வேலை.

நம் பங்கு மட்டும் விழுந்திருந்தால் உடனே விற்க வேண்டுமா? அதுவும் இல்லை. 2015 ஜூனில் மேகி நூடுல்ஸுக்கு நாடு முழுவதும் தடை விதிக்கப்பட்டது. நெஸ்லே இந்தியா அந்தக் காலாண்டில் நஷ்டம் காட்டியது, பங்கு சரிந்தது. ஆகஸ்டில் மும்பை உயர் நீதிமன்றம் தடையை ரத்து செய்தது. நவம்பரில் மேகி கடைக்குத் திரும்பியது. 2017 முடிவதற்குள் பங்கு தடைக்கு முந்தைய விலையைத் தாண்டிவிட்டது. காபி, பால்பொடி, சாக்லெட் என்று மற்ற வியாபாரம் ஓடிக்கொண்டிருந்தது. கழுத்தை நெரிக்கும் கடன் இல்லை. பிரச்னை ஒரு பொருளில், ஒரு எல்லைக்குள் இருந்தது. அந்த நிறுவனத்தால் காத்திருக்க முடிந்தது. அதனால் பங்குதாரரும் காத்திருக்க முடிந்தது.

ஒரு வங்கியால் அப்படிக் காத்திருக்க முடியாது. நஷ்டம் ஒவ்வொன்றும் மூலதனத்தைத் தின்னும். மூலதனம் குறைந்தால் கடன் கொடுக்க முடியாது. கடன் கொடுக்காத வங்கிக்கு வருமானம் இல்லை. அதனால் நான் பார்க்கச் சொல்வது இதைத்தான்: இந்த நிறுவனத்துக்குக் காத்திருக்கும் சக்தி இருக்கிறதா? கடன் எவ்வளவு, அந்தக் கடனுக்கான வட்டியைக் கட்டும் அளவுக்கு லாபம் வருகிறதா, லாபம் என்று காட்டும் தொகை கையில் பணமாக வந்து சேர்கிறதா, புரமோட்டர் தன் பங்குகளை அடமானம் வைத்துக் கடன் வாங்கியிருக்கிறாரா, தணிக்கையாளர் பாதியில் விலகினாரா, ரேட்டிங் நிறுவனங்கள் தரத்தைக் குறைத்தனவா? இவற்றில் இரண்டு, மூன்று ஒன்றாகச் சேர்ந்தால் விலை எவ்வளவு விழுந்திருந்தாலும் வெளியேறுவதே சரி. வீட்டுக் கடன் நிறுவனமான டி.எச்.எஃப்.எல்.லின் பங்குதாரர்களும் இப்படிக் காத்திருந்தவர்கள்தான். 2021-ல் அவர்கள் கையில் கிடைத்ததும் பூஜ்யம்.

கூடவே இன்னொரு கேள்வியையும் கேட்டுவிடுங்கள். இது பங்காக இல்லாமல், இன்றைய மதிப்புக்குப் பணமாக என் கையில் இருந்தால், இன்று இதே பங்கை வாங்குவேனா? ‘மாட்டேன்’ என்று மனம் சொன்ன பிறகும் அதை வைத்திருப்பது பொறுமை ஆகாது. முடிவெடுக்கத் தயங்குகிறோம், அவ்வளவுதான்.

சந்தையே விழுந்தால்?

‘லாங் டேர்ம்ல எல்லாம் சரியாயிடும்’ என்பது பாதி உண்மை. எவ்வளவு லாங் என்று யாரும் சொல்வதில்லை.

2008 ஜனவரியில் சென்செக்ஸ் 21,000-ஐத் தொட்டது. 2009 மார்ச்சில் 8,160. அதே ஆண்டு மே 18, தேர்தல் முடிவுக்குப் பிந்தைய திங்கட்கிழமை, ஒரே நாளில் 17 சதவிகிதம் ஏறி வர்த்தகமே நிறுத்தப்பட்டது. மார்ச்சில் பயந்து விற்றவர்கள் திரும்பி உள்ளே வர அவகாசம்கூடக் கிடைக்கவில்லை. 2010 நவம்பரில் சந்தை மீண்டும் 21,000. அங்கிருந்து இறங்கி, 2013 தீபாவளிக்கு மறுபடியும் 21,000. உச்சத்தில் மொத்தப் பணத்தையும் போட்டவர், டிவிடெண்ட் தவிர, ஏறக்குறைய ஆறு ஆண்டுகள் நின்ற இடத்திலேயே நின்றார். இடையில் மாதாமாதம் வாங்கிக்கொண்டே வந்தவரின் கதை வேறு. அவர் 8,000-லும் 10,000-லும் வாங்கியிருப்பார்.

ஜப்பானின் நிக்கேய் 1989 டிசம்பரில் தொட்ட உச்சத்தை 2024 பிப்ரவரியில்தான் தாண்டியது. 34 ஆண்டுகள். குறியீடு எப்போதும் சீக்கிரம் மீளும் என்பதற்கு எங்கேயும் சட்டம் இல்லை.

ஆகவே, சந்தை விழும்போது பார்க்க வேண்டியது சந்தையை இல்லை, உங்கள் வீட்டு நாட்காட்டியை. மகளின் கல்லூரிக் கட்டணம் இரண்டு ஆண்டில் வருகிறது என்றால் அந்தப் பணம் பங்குச் சந்தையில் இருக்கவே கூடாது. சந்தை உச்சத்தில் இருந்தாலும் விற்கலாம், சரிந்திருந்தாலும் குறைந்தது பாதியையாவது விற்று டெபாசிட்டுக்கு மாற்றலாம். ஓய்வுக்காலத்துக்கு இன்னும் பதினெட்டு ஆண்டு இருக்கிறது என்றால், இன்றைய சரிவு உங்களுக்குச் செய்தியே இல்லை. மூன்று ஆண்டுக்குள் தேவைப்படும் பணம், ஏழு ஆண்டுக்கு அப்பால் தேவைப்படும் பணம் என்று பிரித்துவிட்டாலே முக்கால்வாசிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

அண்மைய உதாரணம் ஒன்று. 2024 செப்டம்பர் 27-ம் தேதி நிஃப்டி 26,277-ஐத் தொட்டு, பிறகு மாதக்கணக்கில் இறங்கியது. வெளிநாட்டு முதலீட்டாளர்கள் விற்றுக்கொண்டே இருந்தார்கள். 2025 ஏப்ரல் 2-ல் அமெரிக்க அதிபர் ட்ரம்ப் இறக்குமதி வரிகளை அறிவித்ததும், ஏப்ரல் 7-ல் 21,743 வரை போனது. இதற்கிடையே 2025 ஜனவரியிலும் பிப்ரவரியிலும் புதிதாகத் தொடங்கிய எஸ்.ஐ.பி. கணக்குகளைவிட நின்றுபோனவை அதிகம். விலை மலிவாகிக்கொண்டிருந்த மாதங்களில் வாங்குவதை நிறுத்தியிருக்கிறோம். ஜூன் இறுதியில் நிஃப்டி 25,600-ஐத் தாண்டியது. இவ்வளவு வேகமாக மீண்டது அதிர்ஷ்டம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பதினைந்து ஆண்டுத் தேவைக்காகப் போடும் எஸ்.ஐ.பி.யை ஐந்து மாதச் சரிவுக்காக நிறுத்தியதற்கு அது சமாதானம் ஆகாது.

மாற்றுவது என்றால் இரண்டு முடிவு

ஒன்றை விற்று இன்னொன்றை வாங்குவதுதான் முதலீட்டாளர்களுக்குப் பிடித்த வேலை. ஏதோ செய்தோம் என்ற திருப்தி வருகிறது. ஆனால் இதில் இரண்டு இடத்தில் தப்பு நேரலாம்: விற்றதில் ஒன்று, வாங்கியதில் ஒன்று.

மேலே சொன்ன இந்தியாபுல்ஸையே பாருங்கள். 2019 ஏப்ரலில் இணைப்பை அறிவித்தபோது கரையேறும் படகாகத் தெரிந்த அந்தப் பங்கு, அக்டோபருக்குள் மூன்றில் ஒரு பங்கு விலைக்கும் கீழே போய்விட்டது. இணைப்பு நடந்திருந்தாலும் லட்சுமி விலாஸ் பங்குதாரர்கள் கரையேறியிருக்க மாட்டார்கள்.

போன ஆண்டு முதலிடம் பிடித்த ஃபண்டுக்குத் தாவுவது இதே வகைதான். 2017-ல் ஸ்மால்கேப் பங்குகள் பறந்தன. பார்த்தவர்கள் எல்லாம் 2018 தொடக்கத்தில் அங்கே ஓடினார்கள். அந்த ஜனவரி உச்சத்திலிருந்து 2020 மார்ச்சுக்குள் நிஃப்டி ஸ்மால்கேப் 100 குறியீடு ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு மதிப்பை இழந்தது. அடியில் விற்றுவிட்டு அடுத்த ‘நம்பர் ஒன்’னுக்குப் போனவர்கள், 2021-ல் அது மீண்டதைத் தூரத்திலிருந்து பார்த்தார்கள்.

இவற்றைவிட என்னை வருத்துவது பாதுகாப்பான இடத்திலிருந்து வெளியே இழுக்கப்படும் மாற்றங்கள். யெஸ் பேங்க் விவகாரத்தில் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி 2021 ஏப்ரலில் பிறப்பித்த உத்தரவைப் படித்தால் புரியும். அந்த வங்கியின் ‘ஏ.டி.1’ பத்திரங்களைத் தனிநபர்களிடம் விற்றபோது, 277 வாடிக்கையாளர்கள் தங்கள் டெபாசிட்டை முன்கூட்டியே முடித்து அந்தப் பணத்தை அதில் போட்டிருக்கிறார்கள். வங்கி சிக்கலில் மாட்டினால் முதலீட்டை அப்படியே அழித்துவிடலாம் என்ற நிபந்தனை கொண்ட பத்திரம் அது. 2020 மார்ச்சில் 8,415 கோடி ரூபாய்ப் பத்திரங்கள் அழிக்கப்பட்டன. அந்த முடிவை மும்பை உயர் நீதிமன்றம் 2023 ஜனவரியில் ரத்து செய்ய, வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. வட்டியில் ஓரிரு சதவிகிதம் கூடுதல் என்று வயதானவர்களிடம் யாராவது டெபாசிட்டை உடைக்கச் சொன்னால், அந்தக் கூடுதல் எதற்கான கூலி என்று கேட்காமல் கையெழுத்துப் போடக் கூடாது. வீட்டில் பெரியவர்கள் இருந்தால் இன்றே அவர்களிடம் சொல்லிவையுங்கள்.

2020 ஏப்ரல் 23-ல் ஃபிராங்க்ளின் டெம்பிள்டன் நிறுவனம் ஆறு கடன் ஃபண்டுகளை ஒரே இரவில் மூடியபோது, விற்கலாம் என்று நினைத்தாலும் விற்க முடியாத நிலை வந்தது. பணம் தவணை தவணையாகத் திரும்பி வந்ததென்னவோ உண்மை. ஆனால் அந்தப் பணத்தை மருத்துவச் செலவுக்கென்று வைத்திருந்தவருக்கு அது எந்த வகையில் ஆறுதல்? மற்ற கடன் ஃபண்டுகளைவிட அவை அதிக வருமானம் காட்டியதற்குக் காரணமே, தரம் குறைந்த கடன் பத்திரங்களை வாங்கி வைத்திருந்ததுதான்.

நல்ல மாற்றங்களும் இருக்கின்றன. ரெகுலர் திட்டத்திலிருந்து அதே ஃபண்டின் டைரக்ட் திட்டத்துக்குப் போவது ஒன்று, கமிஷன் மிச்சம். ஒரே நிறுவனத்தில் குடும்பப் பணத்தில் பெரும்பகுதி மாட்டியிருந்தால் அதைப் பிரிப்பது இன்னொன்று. எந்த ஒற்றைப் பங்கும் குடும்பச் சொத்தில் பத்து சதவிகிதத்தைத் தாண்டக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. வேலை பார்க்கும் கம்பெனியின் பங்கு என்றால் இன்னும் குறைவாக இருக்க வேண்டும். கம்பெனி தள்ளாடினால் சம்பளமும் போகும், சேமிப்பும் போகும்.

வரிக்குப் பயந்து வைத்திருக்கலாமா?

‘விற்றால் வரி கட்டணுமே’ என்று தள்ளிப்போடுகிறவர்கள் அதிகம். கணக்குப் போட்டுப் பார்த்தால் பயம் பாதியாகும்.

பங்கு, பங்கு சார்ந்த ஃபண்டு இரண்டுக்கும் 2024 ஜூலை 23 முதல் ஒரே விதி. ஓராண்டுக்குள் விற்றால் லாபத்தில் 20 சதவிகிதம். ஓராண்டுக்கு மேல் என்றால், நிதியாண்டில் முதல் 1.25 லட்சம் லாபத்துக்கு வரி இல்லை. அதற்கு மேல் 12.5 சதவிகிதம். வரியின் மேல் 4 சதவிகிதம் செஸ். மியூச்சுவல் ஃபண்டில் ‘ஸ்விட்ச்’ என்று ஒரே பட்டனில் மாற்றினாலும், ரெகுலரிலிருந்து டைரக்டுக்குப் போனாலும், வரிச் சட்டத்தின் கண்ணில் அது விற்பனைதான். பெரும்பாலான பங்கு ஃபண்டுகளில் ஓராண்டுக்குள் வெளியேறினால் 1 சதவிகிதம் ‘எக்ஸிட் லோடு’ என்ற வெளியேறும் கட்டணமும் உண்டு. என்.பி.எஸ். கணக்குக்குள்ளும் யூலிப் பாலிசிக்குள்ளும் ஒரு ஃபண்டிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றினால் வரி இல்லை. பங்கு, கடன் விகிதத்தைச் சரிசெய்ய நினைக்கிறவர் முதலில் அங்கே செய்யலாம்.

ஒரு கணக்கு. சில ஆண்டுகளுக்கு முன் ஒரே தவணையாகப் போட்ட 5 லட்சம் இன்று 8 லட்சம். லாபம் 3 லட்சம். மொத்தமாக விற்றால் 1.75 லட்சத்துக்கு வரி: 21,875 ரூபாய், செஸ் சேர்த்து 22,750. பாதியை மார்ச்சிலும் மீதியை ஏப்ரலிலும் விற்றால், இடையில் விலை மாறாத பட்சத்தில், ஒவ்வொரு நிதியாண்டிலும் 25,000 ரூபாய்க்குத்தான் வரி. செஸ் சேர்த்து மொத்தம் 6,500 ரூபாய். இரண்டு வாரம் தள்ளி விற்றதில் 16,250 ரூபாய் மிச்சம்.

விற்காமல் இருந்தால் வரி மறைந்துவிடாது. என்றாவது ஒருநாள் கட்டத்தான் வேண்டும், தள்ளிப்போகிறது, அவ்வளவே. நல்ல முதலீட்டை வரி தள்ளிப்போகட்டும் என்று வைத்திருப்பதில் அர்த்தம் இருக்கிறது. கெட்டதை வரிக்குப் பயந்து வைத்திருப்பதில் இல்லை. கெட்டது பெரும்பாலும் நஷ்டத்தில்தான் இருக்கும். அங்கே வரியே கிடையாது. குறுகிய கால நஷ்டத்தை இரண்டு வகை லாபத்தோடும், நீண்ட கால நஷ்டத்தை நீண்ட கால லாபத்தோடு மட்டும் கழிக்கலாம். வருமான வரிப் படிவத்தைக் கெடுவுக்குள் தாக்கல் செய்தால்தான் மிச்ச நஷ்டத்தை அடுத்த ஆண்டுகளுக்குக் கொண்டுபோக முடியும்.

பழைய எண்டோவ்மென்ட் பாலிசிகளுக்கும் இதே பார்வைதான். இதுவரை கட்டியதை மறந்துவிட்டு, இனி கட்டப்போவதையும் கடைசியில் வருவதையும் மட்டும் எடுத்துக் கணக்கிடுங்கள். தொடர்வது, சரண்டர் செய்வது இரண்டுக்கும் நடுவில் ‘பெய்டு-அப்’ என்ற மூன்றாவது வழி இருக்கிறது. பிரீமியம் கட்டுவதை நிறுத்திவிட்டு, குறைந்த முதிர்வுத் தொகையோடு பாலிசியை வைத்துக்கொள்ளலாம். முகவர்கள் இதைத் தாமாகச் சொல்வது அபூர்வம். கேட்டு வாங்குங்கள். டேர்ம் பாலிசி ஒன்றை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டபிறகு இதைச் செய்யுங்கள். குடும்பம் ஒருநாள்கூடக் காப்பீடு இல்லாமல் இருக்கக் கூடாது.

இந்த ஞாயிற்றுக்கிழமை

உங்கள் பங்குகள், ஃபண்டுகள் எல்லாவற்றையும் ஒன்றாகக் காட்டும் ‘சி.ஏ.எஸ்.’ அறிக்கை உங்கள் மின்னஞ்சலுக்கு வந்துகொண்டிருக்கும். பான் எண்தான் அதன் கடவுச்சொல். பலர் அதைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. கணவனும் மனைவியும் சேர்ந்து உட்கார்ந்து திறந்து பாருங்கள். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் பென்சிலால் எழுதுங்கள்: இதை ஏன் வாங்கினோம், எந்தச் செலவுக்கு, எந்த ஆண்டில் எடுக்க வேண்டும். காரணம் எழுத வராத வரிகள்தான் முதலில் விற்க வேண்டியவை. முழுதாக விற்க மனம் வரவில்லையா, பாதியை விற்றுவிடுங்கள். மீதிப் பாதியைப் பற்றி அமைதியாக யோசிக்க முடியும்.

ஆலோசகரிடம் கேட்பதானால், செபியில் பதிவு பெற்றவரா என்று செபியின் இணையதளத்தில் சரிபார்த்துவிட்டுக் கேளுங்கள். முதலீட்டு ஆலோசகர் என்றால் பதிவு எண் ‘ஐ.என்.ஏ.’ என்று தொடங்கும். வாட்ஸ்அப்பிலும் டெலிகிராமிலும் வரும் டிப்ஸுக்குப் பெரும்பாலும் பதிவு எண்ணே இருக்காது. அந்தக் குழுக்களிலிருந்து வெளியே வாருங்கள்.

கையில் நீண்ட கால லாபத்தில் இருக்கும் பங்குகளும் ஃபண்டுகளும் இருந்தால், மார்ச் மாதத்தின் கடைசி வர்த்தக நாளுக்குள் முடிவெடுங்கள். 1.25 லட்சம் ரூபாய் வரிவிலக்கு அந்தந்த நிதியாண்டுக்கு மட்டும்தான். பயன்படுத்தாமல் விட்டால் அடுத்த ஆண்டுக் கணக்கில் சேராது.